குழந்தையின் கண்ணில் பழைய ரத்தக்குழாயின் மிச்சம்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகன் 32 வாரத்தில் பிறந்தான். கண் பரிசோதனையில், "பார்வை நரம்பின் மேல் கருவில் இருந்த ரத்தக்குழாயின் மிச்சம் தெரிகிறது, ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர். கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? பார்வை பாதிக்குமா?

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தக் குழாய் எல்லாக் குழந்தைக்கும் இருந்ததுதான்.

ஐந்தாறு வாரக் கருவில் கண் என்பது மூளையிலிருந்து நீண்ட ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். காம்பின் அடிப்பக்கம் ஒரு பிளவு இருக்கும். டாக்டர் சொன்ன அந்தக் குழாய், அதாவது ஹயலாய்டு தமனி, அதன் வழியே நுழைந்து, லென்ஸ் வரை போய் ரத்தம் கொடுக்கும். 7-ஆம் வார வாக்கில் பிளவு மூடிக்கொள்ள, தமனி உள்ளேயே தங்கிவிடும். காம்பு பிறகு பார்வை நரம்பாகிறது. வளர்ந்தவர்களிலும் விழித்திரையின் மையத் தமனி, கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் போலப் பின்னால், நரம்பின் அடிப்பக்கமாகத்தான் நுழைகிறது. பழைய பிளவின் தடம் அது!

லென்ஸ் வரை போன முன்பகுதி ஒளியின் பாதையிலேயே கிடக்கிறது. அதனால் நாலாம் மாதத்திலிருந்து சுருங்கி, ஏழாம் மாத வாக்கில் ரத்த ஓட்டம் நின்று, பிரசவத்துக்குள் கரைந்துவிடும். நரம்புக்குள் இருக்கும் பகுதி மட்டும் மையத் தமனியாக நிலைக்கும். உங்கள் மகன் அவசரப்பட்டு வந்துவிட்டான். துப்புரவு வேலை முடியவில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இது சகஜம், பெரும்பாலும் தானாக மறையும். மறைவதால் நரம்புக்கு ரத்தம் குறையாது. நரம்பின் தலைப்பகுதிக்குப் பெரும்பங்கு ரத்தம் வருவது கண்ணின் பின்புறமுள்ள வேறு சிறு தமனிகளிலிருந்து.

எனக்குக் கவலை வேறொன்றில். 16-ஆம் வாரத்தில் நரம்பிலிருந்து கிளம்பும் விழித்திரைக் குழாய்கள், வெளி ஓரத்தைத் தொடக் கர்ப்பத்தின் 40-ஆம் வாரம் ஆகிவிடும். 32 வாரத்தில் பிறந்தால் அந்த வேலையும் பாதியில்தான் நிற்கும். அது தடம் மாறினால் வருவதுதான் ஆர்.ஓ.பி. என்கிற, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். நம் நாட்டில் 34 வாரத்துக்குள்ளோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் பரிசோதனை என்பது அதற்காகத்தான். "ஒன்றும் இல்லை" என்றதை நம்பி அடுத்த பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குழாய்கள் ஓரம் வரை வந்துவிட்டன என்று டாக்டர் சொல்லும்வரை போக வேண்டும்.

கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தால், ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் தெரிந்தாலும் சரி, ஒரு கண் மட்டும் சிறுத்திருந்தாலும் சரி, தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். அப்புறம், அடுத்த முறை போகும்போது, "மிச்சம் நரம்போடு நிற்கிறதா, லென்ஸ் வரை நீள்கிறதா?" என்று கேளுங்கள். லென்ஸ் வரை நீண்டால் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படும்.