80 வயது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். மயக்க ஊசி போட்டால் புத்தி தடுமாறிவிடும் என்கிறார்கள், உண்மையா?

ஊசிக்குப் பயந்து நாங்கள் ஐந்து நாள் தள்ளிப்போட்டோம். அந்த ஐந்து நாளுக்குள்ளேயே என் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள், அம்மா கட்டிலில் முனகிக்கொண்டிருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. அம்மாவுக்கு அப்போது 78. தாமிரபரணியில் குளித்துவிட்டு ஏறும்போது படித்துறையில் கிடந்த பழைய சேலை ஒன்று காலில் சுற்றி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, பாபநாசத்தில் எத்தனை தடவை அள்ளினாலும் தீராத துணி. ஆற்றைக் கும்பிடுகிறவர்களுக்கு அதில் எப்படிப் போட மனசு வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வயசுல மயக்கம் குடுத்தா அக்கா எந்திரிக்க மாட்டா, எந்திரிச்சாலும் பழைய அக்காவா இருக்க மாட்டா" என்றார் மாமா. சென்னையிலிருந்து அண்ணனும் ஃபோனில் அதையே சொன்னான். எண்ணெய்க் கட்டுப் போட்டோம். கட்டு வைத்தியரைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், சின்ன வயதில் என் மணிக்கட்டைச் சரிசெய்தவர் அவருடைய அப்பாதான். ஆனால் இடுப்பு வேறு. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா போர்வைமேல் அப்பளம் இட ஆரம்பித்தார். "மாவு இளகிட்டு, வெயில் வாரதுக்குள்ள முடிக்கணும்" என்று துணியை விரலால் தேய்த்துக்கொண்டே, எப்போதோ இறந்துபோன பெரியம்மா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

பாளையங்கோட்டையில் சேர்த்தபோதும் மயக்க டாக்டரிடம் நான் முதலில் கேட்டது, ஊசி போட்டால் குழம்பிவிடுவாரா என்றுதான். "நான் இன்னும் ஊசியே போடலையேம்மா" என்றார். வலி, தூக்கமில்லாமை, நீர் வற்றிய உடம்பு எல்லாம் சேர்ந்தாலே வயதானவர்களுக்கு இப்படி வருமாம். டெலிரியம் என்று பெயர், மறதி நோய் வேறு. உடனே தொடை இடுக்கில் ஸ்கேன் வைத்துப் பார்த்து, நரம்பு மரத்துப்போக ஒரு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் அம்மா தூங்கிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்று நான் அழுதேன். முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய தூக்கம் அது.

நான் டாக்டர் இல்லை, பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன். முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 பேரை வைத்துப் பார்த்த ரீகெய்ன் ஆய்வு 2021ல் வந்தது. குழப்பம் இரண்டிலும் ஏறக்குறைய 20 சதவீதம்தான். ஆகவே உங்கள் பயம் வெறும் பயம் என்று சொல்ல மாட்டேன், ஐந்தில் ஒருவருக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் 17 நாடுகளில் நடந்து 2020ல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில், முறிவு தெரிந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களையும், வழக்கம்போல் சுமார் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பம் மட்டும் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. அவர்கள் மணிக்கணக்கு பார்த்த இடத்தில் நாங்கள் நாள் கணக்காகப் போட்டு வைத்திருந்தோம்.

அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். தெளிய இன்னும் நாலு நாள் ஆனது. இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணைவரை வருகிறார், மாமாவிடம் பழையபடி வாயாடுகிறார்.

இதயம், சர்க்கரை பார்த்து டாக்டர் தள்ளச் சொன்னால் அது வேறு. வீட்டுப் பேச்சுக்காகத் தள்ளாதீர்கள். இன்று ராத்திரி அம்மாவுக்கு வலி இருந்தால் அந்த நரம்பு ஊசி அங்கே போடுவார்களா என்று கேளுங்கள். அப்புறம், அவருடைய கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போங்கள். கண் தெரியாமல் கிடந்தால் குழப்பம் கூடும். எங்கள் அம்மாவின் கண்ணாடி ஆபரேஷன் முடியும்வரை வீட்டு அலமாரியிலேயே கிடந்தது.