புயலுக்கு வந்த நேஷனல் கார்டு லாரி: பராமரிப்பு பில் யாருக்கு?

கேள்வி: வட கரோலினா மலைப்பகுதியில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2024-இல் ஹெலீன் புயல் அடித்த பிறகு நேஷனல் கார்டு (மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் பணிசெய்யும் படை) லாரிகள் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் ஓடின. அந்த டீசல், ரிப்பேர் செலவை எங்களிடம் கேட்பார்களா? அவை ஓடிய மணிநேரத்தை ஃபீமாவிடம் (மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பு) எங்கள் செலவாகக் காட்டலாமா? இப்படிப்பட்ட பராமரிப்புக்கென்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனிப் பணம் ஒதுக்கச் சட்டம் கொண்டுவரும் என்கிறார்கள். அதை நம்பி பட்ஜெட் போடலாமா?

பதில்: அநேகமாகக் கேட்க மாட்டார்கள். நிச்சயமாகக் காட்டக் கூடாது. நம்பவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஓட்டி வந்தவர் உங்கள் ஊர்க்காரராக இருக்கலாம், அவருக்கு உத்தரவு போட்டவர் கவர்னராக இருக்கலாம். லாரி மட்டும் வாஷிங்டனுடையது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் டைட்டில் 32 என்ற பாகத்தின் 710-ஆம் பிரிவு இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை: நேஷனல் கார்டுக்குக் கொடுக்கப்படும் ராணுவத் தளவாடம் அமெரிக்க அரசின் சொத்தாகவே நீடிக்கும். அந்தச் சொத்துக்கும் பணத்துக்கும் கணக்கு வைக்க, 708-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அதிகாரி உண்டு. யுஎஸ்பிஎஃப்ஓ என்பார்கள். உட்கார்ந்திருப்பது மாநிலத்தில், பதில் சொல்வது வாஷிங்டனுக்கு. உங்கள் கேள்விக்கான பில் எதுவானாலும் அது இவர் மேசை வழியாகத்தான் போகும்.

அப்புறம் பார்க்க வேண்டியது, வீரர்கள் எந்த உத்தரவில் வந்தார்கள் என்பது. டைட்டில் 10 என்றால் ஜனாதிபதியின் கட்டளை, செலவும் மத்திய அரசுடையது. டைட்டில் 32 என்றால் கட்டளை கவர்னருடையது, பணம் மத்திய அரசுடையது. ஸ்டேட் ஆக்டிவ் டியூட்டி (மாநிலப் பணி) என்றால் கட்டளையும் மாநிலம், செலவும் மாநிலம். ஒரே முகாமில் இந்த வகைகள் கலந்து நிற்பது சகஜம். சீருடையைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது, உத்தரவுத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

சிக்கல் மூன்றாவது வகையில்தான். மாநிலப் பணிக்கு மத்திய அரசின் வண்டியை எடுத்தால், எரிந்த எரிபொருளுக்கும் மாற்றிய உதிரிபாகத்துக்கும் மாநிலம் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஹெலிகாப்டருக்கு இது இன்னும் துல்லியம். பெண்டகனின் நிதிப் பிரிவு ஒவ்வோர் ஆண்டும் விமான ரகவாரியாக மணிக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. லாரிக்கு டிடி 1970 என்ற ஒரு தாள் உண்டு: வண்டி எண், ஓட்டுநர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓடிய மைல். பழுது இருந்தால் 5988-ஈ என்ற இன்னொரு படிவத்தில் ஏறும். புயல் நேரத்தில் ஓட்டுநர் மடியில் வைத்து அவசரமாகக் கிறுக்கிய இந்தத் தாள்கள்தான் பின்னால் கணக்குக்கு ஆதாரமாக வந்து நிற்கும். புயலுக்கு முன்பே தேய்ந்திருந்த டயரா, வெள்ளத்தில் கிழிந்த டயரா என்ற தகராறும் இங்கேதான் தீரும். கவனக்குறைவால் சேதமானது என்று விசாரணையில் முடிவானால், மாநிலத்தின் மேலேயே பொறுப்பு விழலாம்.

இப்படிக் கட்டிய பணத்தை மாநிலம், பேரிடர் அறிவிப்பு இருந்தால், பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்டாஃபோர்ட் சட்டத்தின் கீழ் ஃபீமாவிடம் கேட்கும். தகுதியான அவசரப் பணிக்கு ஃபீமாவின் பங்கு குறைந்தது 75 சதவீதம். டைட்டில் 32 செலவுக்கு இது கிடையாது, மத்திய அரசு ஏற்கெனவே கொடுத்த பணத்தை மத்திய அரசிடமே மறுபடி கேட்க முடியாதல்லவா? வேறு மாநிலத்து நேஷனல் கார்டு வந்திருந்தால், 1996-இல் காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்த, மாநிலங்கள் ஒன்றுக்கொன்று உதவும் எமாக் ஒப்பந்தப்படி, உதவி கேட்ட மாநிலம் உதவிய மாநிலத்துக்குத் தளவாடச் செலவையும் கொடுக்கும்.

கவுண்டி எங்கே வருகிறது? இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, நீங்கள் மாநில அவசர மையத்துக்கு அனுப்பிய கோரிக்கையில் செலவைப் பகிர்ந்துகொள்வதாக யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால். அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்த லாரி மணிநேரத்தை உங்கள் சொந்த வண்டிக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஃபீமாவின் வண்டிக் கட்டணப் பட்டியல், விண்ணப்பிக்கும் அமைப்பின் சொந்தத் தளவாடத்துக்கு மட்டும். மாநிலமும் அதே லாரிக்குக் கேட்டிருந்தால், ஒரே செலவுக்கு இரண்டு தடவை பணம் வாங்கியதாகிவிடும். ஸ்டாஃபோர்ட் சட்டம் 312-ஆம் பிரிவில் அதைத் தடுக்கிறது, தணிக்கையில் வட்டமிட்டுக் காட்டுவார்கள். ஆனால் கவுண்டி பம்பிலிருந்து அந்த லாரிகளுக்கு டீசல் ஊற்றியிருந்தால் அது உங்கள் காசு. ரசீது, தேதி, வண்டி எண்ணோடு தனியாக எழுதி வையுங்கள். ஃபீமாவிடம் கேட்கும் முன் மாநில அலுவலகத்தோடு ஒரு முறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். புது வண்டி வாங்கக் காங்கிரசுக்கு எப்போதும் கை தாராளம். நேஷனல் கார்டு மற்றும் ரிசர்வ் படைகளின் தளவாடத்துக்கென்றே 1980-களின் தொடக்கத்திலிருந்து தனி ஒதுக்கீடு போகிறது. அது கொள்முதலுக்கான பணம், ஆயில் மாற்றவோ பிரேக் சரிசெய்யவோ அதில் கை வைக்க முடியாது. பராமரிப்பு, செயல்பாட்டுச் செலவு என்ற பொதுத் தலைப்பிலிருந்து வருகிறது. பயிற்சிக்கும் அதே பை, பழுதுக்கும் அதே பை. 2021-இல் தலைநகரில் காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடப் பாதுகாப்புக்கு மாதக்கணக்கில் ஆள் நிறுத்தியபோது இந்தப் பைதான் காலியானது. பயிற்சி நின்றுவிடும், வண்டிப் பராமரிப்பு தள்ளிப்போகும் என்று தளபதிகள் கத்திய பிறகு, ஜூலை கடைசியில் சுமார் 52 கோடி டாலரைக் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது. 2005-இல் நடந்தது இதைவிட மோசம். இராக் போருக்குத் தளவாடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, கத்ரீனா புயல் அடிப்பதற்கு முந்தைய மாதம், போருக்குப் போகாத ஆர்மி நேஷனல் கார்டு பிரிவுகளிடம் மிஞ்சியிருந்தது தேவையான தளவாடத்தில் சுமார் 34 சதவீதம் என்று மத்திய தணிக்கை அமைப்பு எழுதியது. பேரிடருக்கும் போருக்கும் ஒரே வண்டி என்று வைத்துவிட்டு, பேரிடரில் தேயும் பங்குக்கு நிலையான பணம் வைக்காதது என் பார்வையில் சட்டத்தில் இருக்கும் ஓட்டை. அடைக்க வேண்டியதுதான்.

அதற்காக நீங்கள் வரவுப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டுவிடக் கூடாது. வருடாந்திர ராணுவ அங்கீகாரச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது என்று செய்தி வந்தால், செய்யலாம் என்ற அனுமதி கிடைத்தது என்று மட்டும்தான் அர்த்தம். பணம் வருவது தனியான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில். அங்கேயும் தொகை தப்பிப் பிழைத்தால் அது போய்ச் சேருவது யுஎஸ்பிஎஃப்ஓவிடமோ மாநிலத்திடமோதான், கவுண்டிக்கு அதில் பங்கே இருக்காது. நீங்கள் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டியது, ஃபீமா பணம் கைக்கு வரும்வரை உங்கள் சொந்தச் செலவைத் தாங்கும் கையிருப்பை.