காலில் கறுப்புக் குருணை: பயாப்ஸி எடுத்தால் கால் போய்விடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. மேலூர் பக்கம் விவசாயம் பார்க்கிறார். சில வருடங்களுக்கு முன் வயலில் வலது பாதத்தில் கருவேலம்முள் குத்தியது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. பிறகு சின்னதாக ஒரு கட்டி வந்து, மெல்ல மெல்லப் பாதமே வீங்கிவிட்டது. இப்போது அங்கங்கே துளை விழுந்து நீர் வடிகிறது. துடைத்தால் துணியில் கடுகைவிடச் சிறிதாகக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. வலி அதிகம் இல்லாததால் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். ஊரில் பலமுறை ஊசி போட்டும் ஆறவில்லை. தோல் டாக்டர் ஒருவர் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் பயாப்ஸி (சதையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) எடுக்கச் சொல்கிறார். "கத்தி பட்டால் காலே போய்விடும், அங்கே மாணவர்கள் படிக்கிறதுக்காகச் சதையை எடுப்பார்கள்" என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். முழு ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகுமாம். மருந்து மட்டும் கொடுத்தால் போதாதா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?
– வாசகி, மேலூர்

மருத்துவர் பதில்:

பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்கு மைசிட்டோமா என்ற நோய் இருக்க வாய்ப்பு அதிகம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மண்ணிலும் முள்ளிலும் இருக்கும் கிருமி காயத்தின் வழியே சதைக்குள் போய்த் தங்குவதால் வருகிறது. பேரப்பிள்ளைகளை அவர் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். வடிகிற இடத்தைச் சுத்தமான துணியால் கட்டி வைத்தால் போதும்.

வீக்கம், துளைகள், துளை வழியே வரும் குருணை. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது இந்த நோய்தான். வலிக்காததுதான் இதில் பெரிய கெடுதல். வலித்திருந்தால் அப்பா முதல் வருடமே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். வலிக்காமலே அது தோலையும் கொழுப்பையும் தாண்டி எலும்புவரை அரித்துக்கொண்டு போகும். அதனால் இன்னொரு அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நம்ம ஊருக்கு இது பழைய நோய். 1842இல் மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட பாதங்களைப் பற்றி எழுதி வைத்தார். சில ஆண்டுகளில் 'மதுரா ஃபுட்' என்ற பெயர் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இந்தப் பாதங்களை அறுத்து ஆராய்ந்து, குருணைக்குள் இருப்பது பூஞ்சை என்று வாதிட்டு, 1860 வாக்கில் மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் காலை எடுப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. உங்கள் சொந்தக்காரர்களின் பயம் அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்கு பயாப்ஸி எடுப்பதே காலைக் காப்பாற்றத்தான். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழை விவசாயிகளுக்கு வருகிற நோய் என்பதால் இவ்வளவு தாமதம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

மருந்து மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மருந்து என்பதுதான் கேள்வி. வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்த வீக்கத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம். ஒன்று பூஞ்சையால் வருவது. இன்னொன்று, பார்க்கப் பூஞ்சை இழை மாதிரியே இருந்தாலும் உண்மையில் பாக்டீரியாவால் வருவது. நொகார்டியா, ஆக்டினோமதுரா போன்றவை இந்த இரண்டாவது வகை. பாக்டீரியா என்றால் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் தேவைப்பட்டால் அமிகாசின் ஊசியும் நன்றாகக் கேட்கும், பெரும்பாலானவர்களுக்கு அறுவையே தேவைப்படாது. பூஞ்சை என்றால் அந்த மருந்துகளை வருடக்கணக்கில் கொடுத்தாலும் துளிகூடப் பிரயோஜனம் இல்லை. அப்பாவுக்குப் போட்ட ஊசிகள் கேட்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கறுப்புக் குருணை என்றால் பெரும்பாலும் பூஞ்சைதான். வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் துணியில் கறுப்பாக ஒட்டுவதெல்லாம் குருணை இல்லை. காய்ந்த ரத்தத் துணுக்கும் வயல் மண்ணும் அப்படித்தான் தெரியும். வருடக்கணக்கில் துளை விழுந்து வடிவதற்கு எலும்புக் காசநோய்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால்தான் சதைக்குள் பார்க்கச் சொல்கிறோம்.

சதை எங்கள் கைக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் பேத்தாலஜிக்காரன், அதாவது சதையைப் பரிசோதித்து நோயைக் கண்டுபிடிக்கும் டாக்டர். இது என் அன்றாட வேலை. முதலில் குருணையைத் தேடுவோம். கிடைத்தால் ஸலைனில் (மருத்துவ உப்பு நீர்) கழுவி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து, மேலே இன்னொரு சில்லை வைத்து அழுத்துவோம். பாக்டீரியாக் குருணை பெரும்பாலும் மெத்தென்று நசுங்கும். கறுப்புக் குருணை சட்டென்று நசுங்காது. விரலுக்கடியில் மணல் நெரிபடுகிற மாதிரி ஒரு நெருநெருப்பு தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பழுப்புச் சாந்துக்குள் சிக்கிய தடித்த இழைகள், இடையிடையே குறுக்குச் சுவர்கள். இப்படித் தெரிந்தால் பூஞ்சை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிச் சதை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி, பிறகு ஆல்கஹாலில் நீரை இழந்து, உருகிய மெழுகை ஏற்று, ஒரு சின்ன மெழுகுக் கட்டியாக மாறும். அதைத்தான் பிளாக் என்கிறோம். மைக்ரோடோம் என்ற கருவியில் அதைச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு சீவலின் கனம். கறுப்புக் குருணை இங்கேதான் படுத்தும். கெட்டியாக இருப்பதால் பிளேடு பட்டதும் உடைந்து உதிர்ந்துவிடும், சில்லில் குருணை இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் மிஞ்சும். டெக்னீஷியன் பிளாக்கைக் குளிர வைத்து, பிளேடை மாற்றி, இன்னும் ஆழத்தில் வெட்டுவார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு சீவலில் வெறும் சீழும் தழும்பும் இருக்கும், பத்துச் சீவல் தள்ளி குருணை இருக்கும்.

அதன் பிறகு சாயம். கிராம் சாயத்தில் பாக்டீரியா இழைகள் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமன்கூட இல்லாத ஊதா நூலாகத் தெரியும். பூஞ்சை இழைகள் அதைப்போலப் பல மடங்கு பருமன், வெள்ளிச் சாயத்தில் கறுப்பாக எடுபடும். நொகார்டியாவா என்று பார்க்க, காசநோய்க் கிருமிக்குப் போடும் சாயத்தையே அமிலத்தைக் குறைத்துப் போடுவோம். இதெல்லாம் முடிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். சதையின் இன்னொரு துண்டை மைக்ரோபயாலஜியில் வளர்க்கப் போடுவார்கள். இந்தப் பூஞ்சைகள் மிக மெதுவாக வளர்பவை, ஆறு வாரம்கூடக் காத்திருக்க நேரும். டாக்டர் சொன்ன ஒரு மாதக் கணக்கு இதற்குத்தான். ஆனால் முதல் ரிப்போர்ட் தெளிவாக இருந்தால் அதை வைத்தே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

மாணவர்கள் பார்ப்பார்களா? பார்ப்பார்கள். மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அதன் படிப்பிடம். பேத்தாலஜியில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர் முதலில் சில்லைப் பார்த்துத் தன் கருத்தை எழுதுவார். பிறகு உதவிப் பேராசிரியரோ பேராசிரியரோ உட்கார்ந்து அதே சில்லை மறுபடி பார்த்துத் திருத்துவார். அதாவது ஒரு ஜோடிக் கண்ணுக்குப் பதில் இரண்டு மூன்று ஜோடிக் கண்கள். இதில் அப்பாவுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை. படிப்பதற்காகத் தனியாகச் சதை எடுக்க மாட்டார்கள். நோயைக் கண்டுபிடிக்க எடுத்ததில் செய்த சில்லைத்தான் வகுப்பில் காட்டுவார்கள், அதில் எண் மட்டும் இருக்கும். ஆராய்ச்சிக்கு என்று கேட்டால் அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொன்னாலும் வைத்தியம் குறையாது.

ஆனால் முடிந்தால் சம்மதம் கொடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். முள்ளும் நெல் தாளும் கண்ணில் குத்தி, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை இழக்கும் விவசாயிகள் நம் பகுதியில் நிறைய. அந்தப் புண்ணுக்கு நாடாமைசின் சொட்டு நல்லதா, விலை கூடிய வோரிகோனசோல் நல்லதா என்ற கேள்விக்கு விடை தந்த ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. 2013இல் முடிவு வந்தது, பழைய நாடாமைசின்தான் மேல் என்று. புண்ணைச் சுரண்டிப் பரிசோதிக்க இடம் கொடுத்து, ஆய்வுக்கும் சம்மதித்த நோயாளிகளால் கிடைத்த விடை அது.

பூஞ்சை என்று உறுதியானால் இட்ராகோனசோல் மாத்திரை, குறைந்தது ஒரு வருடம். சில மாதம் கழித்துக் கட்டி சுருங்கி அதன் ஓரம் தெளிவாகப் பிரிந்ததும் அதை முழுதாக அறுத்து எடுப்பார்கள், அதன் பிறகும் மாத்திரை தொடரும். எலும்பு மொத்தமும் சிதைந்து, மருந்தும் கேட்காத நிலையில்தான் காலை எடுக்கும் பேச்சே வரும். எலும்பு எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரேயிலும் எம்ஆர்ஐயிலும் தெரியும். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குப் போடும் அமிலக் குறைப்பு மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தாலோ, இதயக் கோளாறு இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

பயாப்ஸிக்கு முன் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதை டாக்டரிடம் காட்டுங்கள், நிறுத்திவிட்டு எடுக்கலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். முந்தின இரவு துளைகளின் மேல் ஸலைனில் நனைத்த சுத்தமான காஸ் துணியைக் கட்டுங்கள். காலையில் அதில் குருணை ஒட்டியிருந்தால் மூடி போட்ட சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள். டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம். துளையின் வாயிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்தது மட்டும் போதாது, அதில் தோலின் மேலிருக்கும் வேறு கிருமிகள்தான் வளரும். ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த சதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதை ஸலைனிலும் அனுப்பும்படி கேளுங்கள். முழுவதும் ஃபார்மலினில் போய்விட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க வழியில்லை. இதைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

கூடவே போகும் சீட்டில் 'வயலில் முள் குத்தியது, பல வருட வீக்கம், கறுப்புக் குருணை' என்று எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அப்பாவின் காலைப் பார்ப்பதில்லை, சீட்டையும் சதையையும்தான் பார்க்கிறோம். 'புண், வலது கால்' என்று மட்டும் எழுதி வந்தால் பூஞ்சைக்கான சாயம் போடத் தோன்றாமலே போகலாம். ரிப்போர்ட்டில் 'நாள்பட்ட அழற்சி, குருணை காணப்படவில்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடாதீர்கள். பிளாக் லேபிலேயே இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைச் சொல்லி, இன்னும் ஆழத்தில் வெட்டிப் பார்க்கும்படி டாக்டர் மூலம் கேளுங்கள்.