நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. வலது கண்ணில் பவர் இல்லை, இடதில் +4. 'சோம்பேறிக் கண்' என்றார் டாக்டர். நான்கு மாதமாகக் கண்ணாடி போடுகிறாள். இப்போது தினமும் 2 மணி நேரம் வலது கண்ணில் பேட்ச் ஒட்டச் சொல்கிறார். ஒட்டினால் பிடுங்கி எறிகிறாள். வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்கிறார் மாமியார். இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாமா? நன்றாக இருக்கும் கண்ணை மூடினால் அதுவும் கெட்டுவிடாதா?

பதில்: பொறுக்க வேண்டாம். அவள் பிடுங்கி எறிவதை அடம் என்று நினைக்காதீர்கள். நல்ல கண்ணை மூடியதும் அவளுக்கு எல்லாமே மங்கிவிடுகிறது, யாருக்குத்தான் பிடிக்கும்?

'சோம்பேறிக் கண்' என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் அந்தக் கண்ணின் விழித்திரையில் குறை இருக்காது. சிக்கல் பின்மண்டையில், பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள பெரும்பாலான செல்கள் இரண்டு கண்களின் செய்தியையும் வாங்குபவை. ஆனால் அந்த இணைப்புகள் பிறக்கும்போதே உறுதியாகிவிடுவதில்லை. முதல் சில வருடங்களில் எந்தக் கண் தெளிவான படம் அனுப்புகிறதோ, அதன் இணைப்பு வலுக்கும். மங்கலாக அனுப்பும் கண்ணின் இணைப்பு தேயும். பக்கத்து வயல்காரர் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொள்வாரே, அப்படித்தான் உங்கள் மகளின் வலது கண் இடது கண்ணின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதைக் காட்டியவர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர். 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டில், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை இரண்டு மூன்று மாதம் தைத்து வைத்தார்கள். (படிக்கவே சங்கடமாக இருக்கும், எனக்கும்தான்.) தையலைப் பிரித்துப் பார்த்தபோது மூளைச் செல்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும் பதில் சொல்லின. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதைவிட வியப்பானது அடுத்தது: குட்டியின் இரண்டு கண்களையும் மூடினால் பாதிப்பு இன்னும் மோசமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக, வெறுமனே பயன்படுத்தாததால் மட்டும் ஒரு கண் தோற்பதில்லை, மற்றக் கண்ணோடு நடக்கும் போட்டியில் தோற்கிறது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல கண்ணை மூடச் சொல்வதும் இதனால்தான். ஜெயிக்கிறவரைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது: அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை குறையலாம். 2 மணி நேரத்தில் அது அரிது, என்றாலும் டாக்டர் சொல்லும் தேதியில் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். 'சீக்கிரம் சரியாகட்டும்' என்று நீங்களாக 6 மணி நேரம் ஆக்காதீர்கள். நடுத்தரக் குறைபாடு உள்ள, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 2 மணி நேரம், 6 மணி நேரம் இரண்டையும் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நான்கு மாத முடிவில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

7 வயதுக்குப் பிறகு கதவு சாத்தப்பட்டுவிடும் என்று முன்பு சொல்வோம். அது முழு உண்மையல்ல. அதுவரை சிகிச்சையே எடுக்காத பதின்வயதினர் சிலருக்குக்கூடப் பார்வை கூடியிருக்கிறது. ஆனால் இப்போது எளிதில் கிடைப்பதற்கு அப்போது அதிகம் பாடுபட வேண்டும், கிடைப்பதும் நிச்சயமில்லை.

சரி, ஒட்ட வைப்பது எப்படி? பேட்சைக் கண்ணாடி மேல் ஒட்டாமல் முகத்திலேயே ஒட்டி, அதன் மேல் கண்ணாடியைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஓரமாக எட்டிப் பார்ப்பாள். முதலில் வீட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள். அவளுக்குப் பிடித்த கார்ட்டூனோ, வண்ணம் தீட்டுவதோ, மணி கோப்பதோ அந்த நேரத்தில் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கும் ஒன்று ஒட்டிவிடுங்கள், பல வீடுகளில் இது பலிக்கிறது. ஒரேயடியாக மறுத்தால் நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

அவளுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அடுத்த முறை அவர்களையும் கூட்டிப் போங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது. ஒரு கண் நன்றாக இருந்தால் குழந்தை எதிலும் முட்டாது, குறையும் சொல்லாது.