சின்ன வெங்காயம்: களத்திலேயே விற்பதா, பட்டறை போடுவதா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் பக்கம் இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறேன். தை கடைசியில் காய் பிடுங்க வேண்டும். காட்டுக்கு வந்த வியாபாரி கிலோ 18 ரூபாய் என்கிறார். டவுன் கடையில் அதே வெங்காயம் 45 ரூபாய். பட்டறை போட்டு, அதாவது கீற்று, மூங்கில் கொண்டு காற்றோட்டமாகக் கட்டிச் சேமித்து, வைகாசி வரை வைத்திருந்தால் நல்ல விலை கிடைக்குமா? இல்லை, இப்போதே தள்ளிவிடட்டுமா?

பதில்: முதலில் அந்த 45 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இடையில் இருக்கும் 27 ரூபாயும் ஒரே ஆள் பைக்குள் போவதில்லை. சாக்கு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, மண்டி கமிஷன், காய்ந்து குறைகிற எடை, கடைக்காரர் பொறுக்கித் தள்ளுகிற அழுகல், அப்புறம் அவருடைய லாபம் என்று அது பிரிகிறது. ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுப்படி, வெங்காயத்துக்கு மக்கள் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயி கைக்கு வருவது சுமார் 36 ரூபாய், தக்காளியில் 33. அது பெரிய வெங்காயக் கணக்கு என்றாலும் உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். இதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நெல்லுக்கு இருப்பதுபோல வெங்காயத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது. ஆனால் உங்கள் முடிவுக்கு உதவக்கூடியவை இரண்டே விலைகள்தான்: இன்றைக்குக் காட்டில் கிடைக்கிற 18 ரூபாய், வைகாசியில் பட்டறை வாசலில் கிடைக்கப்போகிற விலை.

100 கிலோவை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு விற்றால் 1,800 ரூபாய். நான்கு மாதம் வைத்தால் காய்ந்து குறைகிற எடை, முளைப்பு, அழுகல் எல்லாம் சேர்ந்து கால்வாசி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 75 கிலோ. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கடன் இருந்தால் இந்த 1,800-க்கு நான்கு மாத வட்டி 144 ரூபாய். கீற்று, மூங்கில், அழுகல் பொறுக்குகிற ஆள்கூலிக்கு ஒரு 100 ரூபாய். ஆக 2,044 ரூபாயை 75 கிலோவிலிருந்து எடுக்க வேண்டும். அதாவது வைகாசியில் 27 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் இன்றைய 18-க்குச் சமம். கழிவு கால்வாசிக்குப் பதில் 40 கிலோ ஆகிவிட்டால் 34 ரூபாய் வேண்டும். விலை ஏறினாலும் கை நஷ்டப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

சரி, வைகாசியில் உங்கள் காயை யார் வாங்குவார்கள்? சமையலுக்கு வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். வைகாசி, ஆனிப் பட்டத்துக்கு விதைக் காய் (நடுவதற்கான வெங்காயம்) தேடுகிற விவசாயிகள் இன்னொரு பக்கம். பட்டறைக் காய்க்கு உண்மையான கிராக்கி இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான். ஆனால் அந்தக் கிராக்கி அப்போதைய மண்டி விலையைப் பார்த்தே ஏறும், இறங்கும். விலை ஏறினால் எல்லோரும் நட ஓடுவார்கள், விதைக் காய் யானை விலைக்குப் போகும், அந்தக் காய் எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வந்து ஆவணியில் விலை விழும். மைசூர்ப் பக்கத்து வரத்தும் அதே சமயத்தில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விலை சரிந்து கிடந்தால் பலர் நடவையே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டதால் அடுத்த அறுவடையில் விலை ஏறும். இன்றைக்கு 18 ரூபாய் என்பதால் அடுத்த பட்டத்தை விட்டுவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும். முழுதாக விடாதீர்கள் என்பதே என் கருத்து. மற்றவர்கள் ஒதுங்குகிற பட்டத்தில் கொஞ்சமாவது போட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கை நிறைகிறது.

அதனால் பட்டறையில் முதலில் போக வேண்டியது உங்கள் சொந்த விதை. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக் காய் வேண்டும். கழிவைச் சேர்த்து ஏக்கருக்கு 800 கிலோ வைத்தால், அடுத்த நடவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இந்தப் பயிரில் விதைக் காய்ச் செலவுதான் கழுத்தைப் பிடிக்கிறது. அதை வெளியில் வாங்காமல் மிச்சப்படுத்துவது நிச்சயமான லாபம், சந்தை எப்படிப் போனாலும் சரி. நடுத்தரக் காயாக, தோல் உரியாததாகப் பொறுக்குங்கள். திருகல் நோயோ அழுகலோ வந்த பாத்திக் காயை விதைக்கு வைக்கவே வேண்டாம். நோயையும் சேர்த்து நட்டதாகிவிடும்.

மீதியில் ஒரு பங்கை வைத்துப் பார்க்கலாம், கடன்காரர் வாசலில் நிற்கவில்லை என்றால் மட்டும். மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் எப்போது விற்பது என்ற உரிமை ஏற்கெனவே பாதி உங்களிடம் இல்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. அடுத்த பட்டத்துக்காவது அந்தப் பக்கம் போங்கள். வட்டிச் சுமை இல்லாதவரால்தான் காத்திருக்க முடியும்.

இன்னொரு ஆபத்து டெல்லியில் இருக்கிறது. நம் சின்ன வெங்காயம் மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குப் போகிறது. நாசிக் பெரிய வெங்காயம் விலை ஏறினால் அரசு போடுகிற தடை இதையும் பிடித்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் வந்த ஏற்றுமதித் தடை 2024 மே மாதம்தான் நீங்கியது. அப்போதும் 40 சதவீத வரி இருந்தது. அந்த வரி முழுதாகப் போனது 2025 ஏப்ரலில். முழு விளைச்சலையும் பட்டறையில் அடைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரே ஓர் அறிவிப்பில் எல்லாம் போகும்.

வைக்கிற காய் நிற்க வேண்டுமென்றால் வேலை இப்போதே தொடங்குகிறது. பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள். தாள் (இலை) சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் சில நாள் உலர்த்தி, கழுத்தை ஒட்ட அறுக்காமல் இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். பட்டறை தரையில் படாமல், அகலம் குறைவாக, இரு பக்கமும் காற்று போகிற மாதிரி இருக்கட்டும். கடைசி நேரத்தில் யூரியா அள்ளிப் போட்ட காய் நிற்காது. அப்படிப் போட்டிருந்தால் அதை இப்போதே விற்றுவிடுங்கள்.

கொஞ்சம் காயை வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். அடையாள அட்டை இருந்தால் கமிஷன் இல்லாமல், மொத்த விலையைவிடக் கூடுதலாக விற்கலாம். இரண்டு ஏக்கர் விளைச்சலும் அங்கே போகாது, ஆனால் வீட்டுச் செலவுக்கு அது பெரிய உதவி.

விற்பதற்கு முன் தமிழக அரசின் உழவன் செயலியில் அன்றைய விலையைப் பாருங்கள். திண்டுக்கல், திருச்சி வெங்காய மண்டிகளில் தெரிந்தவர் இருந்தால் ஒரு போன் போடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த வியாபாரியிடம், மூட்டைக்கு எத்தனை கிலோ கழிவு பிடிப்பார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 60 கிலோ மூட்டைக்கு 3 கிலோ கழித்தால் 18 ரூபாய் என்பது 17 ரூபாய் 10 காசு ஆகிறது. கழிவே பிடிக்காமல் 17.50 தருகிறவர் இருந்தால் அவருக்கே கொடுங்கள்.