வயலில் மஞ்சள் ‘சிலுவைப் பூ’: இப்போது மருந்தா, கைக்களையா?

கேள்வி: வவுணதீவுப் பக்கம், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டையில் 3 ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். மூன்றரை மாத நெல், விதைத்து 50 நாளாகிறது. வயலின் மேட்டுப் பக்கத்தில் முழங்கால் உயரச் செடிகள் பரவி, சிலுவை போல நான்கு இதழ் விரிந்த மஞ்சள் பூக்கள் பூத்திருக்கின்றன. களைநாசினி அடித்தால் அழியுமா?

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களின்படி அது நீர்க்கராம்பு என்றே கொள்ளலாம். நாய்க்கடுகுக்கும் மஞ்சள் நிறத்தில் நான்கு இதழ்கள் உண்டு. ஆனால் அவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், செடி கையில் பிசுபிசுக்கும், காய்ந்த நிலத்தையே அது விரும்பும். நீர்க்கராம்பின் இதழோ தொட்டாலே உதிர்ந்துவிடும். உதிர்ந்த பின் நுனியில் புல்லிவிதழ்களோடு எஞ்சும் நீண்ட காய் கராம்பைப் போலத் தோன்றுவதால்தான் செடிக்கு இந்தப் பெயர்.

இப்போது களைநாசினி அடிக்க வேண்டாம். பூத்துத் தண்டு முற்றிய செடி மருந்துக்கு எளிதில் மடியாது என்பதோடு, உங்கள் நெல், கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தை நெருங்கிவிட்டதால், எம்.சி.பி.ஏ. போன்ற மருந்து இந்த நேரத்தில் கதிரையே பாதிக்கக்கூடும். செலவும் போய் விளைச்சலும் குறைவதைவிட, ஆள் வைத்துப் பிடுங்குவதே மேல். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆகவே வயல் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள்.

ஒரு முற்றிய காயை நகத்தால் கீறிப் பாருங்கள். மூக்குப்பொடி போன்ற நுண்ணிய விதைகள் ஈர விரலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒரே காயில் இத்தனை விதையா என்று நீங்களே திகைப்பீர்கள். அவை நீரில் மிதந்து வாய்க்கால் வழியே அடுத்தவர் வயலுக்கும் போகும் என்பதால், காய் பிடித்த செடிகளை வரம்பில் போட்டுவிடாமல், சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

களை மேட்டுப் பக்கத்தில் மட்டும் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதில்தான் காரணம் இருக்கிறது. இந்த நுண்விதை வெளிச்சம் படும் சேற்று மேற்பரப்பில் முளைப்பது. நீர் மூடி நிற்கும் இடத்தில் முளைப்பு வெகுவாகக் குறையும். எனவே அடுத்த போகத்தில் பலகை அடிக்கும்போது அந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, பயிர் நிலைத்தவுடன் வயல் முழுவதும் நீர் சீராக நிற்கும்படி செய்யுங்கள். அதன் பிறகும் முளைத்தால், இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்திலேயே, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, அகன்ற இலைக் களைக்கான மருந்தை நீரை வடித்துவிட்டு அடிக்கலாம். பக்கத்தில் மிளகாயோ கத்தரியோ நின்றால் காற்று வீசும் வேளையில் அடிக்காதீர்கள்.

அறுவடை இயந்திரம் அடுத்த வயலிலிருந்து நேரே உங்கள் வயலுக்குள் இறங்குவதானால், களை விதையோடு அதில் ஒட்டியிருக்கக்கூடிய சேற்றையும் பதரையும் வரம்புக்கு வெளியிலேயே தட்டித் துடைத்துவிடச் சொல்லுங்கள்.