பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருந்தது?

கேள்வி: கோவையிலிருந்து சில்லறைக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் சேவை வழங்கி வருகிறேன். எங்கள் சர்வர்கள் இரண்டும் சென்னையில் ஒரு தனியார் டேட்டா சென்டரின் வாடகை ரேக்கில் உள்ளன. கடந்த மழையின்போது மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் ஓடாமல், மூன்று நாள் சேவை முடங்கியது. ஒரு சர்வரின் டிஸ்க்குகள் பழுதாயின. தனிக் கட்டணம் செலுத்தி வந்த பேக்கப்பும் (தரவின் மாற்று நகல்) அதே கட்டடத்தில் இருந்ததால் அதுவும் போயிற்று. ஏழு ஆண்டு வாடிக்கையாளரான என் அழைப்பை மேலாளர் எடுக்கவே இல்லை. வாடகையை நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேலாளர் அழைப்பை எடுக்காததற்கும் ஏழு ஆண்டு உறவுக்கும் நீதிமன்றத்தில் இடமில்லை. ஜெனரேட்டர் ஓடாததும் நீங்கள் எண்ணும் அளவுக்குக் கைகொடுக்காது. ஏனெனில் இத்தகைய ஒப்பந்தங்களில் மின்தடைக்கான பரிகாரம் பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பதோடு முடிந்துவிடும். இழப்பீடு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் வைக்கும் பொறுப்பு வரம்பு, கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும் என்பதை, பாரதி நிட்டிங் நிறுவனம் ஒரு கூரியர் நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கில் 1996 இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அங்கு வரம்பு வெறும் 100 டாலர்.

உங்கள் வழக்கின் உயிர், தனிக் கட்டணம் செலுத்திய அந்தப் பேக்கப்பில்தான் இருக்கிறது. அதற்கான பணி ஆணையை எடுத்து, நகல் எங்கே வைக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்தில் வைப்பதாக எழுதியிருந்தால், அவர்கள் மழையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது; வாக்களித்த இடத்தில் நகலை வைக்காதது மழைக்கு முன்பே நிகழ்ந்த ஒப்பந்த மீறல். இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் நம்பி வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன்.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் எரிந்தபோது இதே கேள்வி எழுந்தது. பேக்கப் தனித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தம் கூறியிருக்க, நகல் அதே கட்டடத்தில் எரிந்துபோன ஒரு வாடிக்கையாளருக்கு, அந்நாட்டின் லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 இல் ஏறத்தாழ ஒரு லட்சம் யூரோ இழப்பீடு வழங்கியது. அவர் கேட்டதில் அது சிறு பகுதிதான். அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்து வைக்கத் தகுந்தது.

இனி நீங்கள் கேட்ட வாடகைக்கு வருகிறேன். அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நியாயம் தம் பக்கம் இருந்தும் கட்சிக்காரர்கள் விழுந்துவிடும் பள்ளம் இதுதான். வாடகை நின்றதும் எதிர்த் தரப்பு ஒப்பந்த மீறல் அறிவிப்பை அனுப்பும், நுழைவு அட்டை செல்லாமல் போகும், நிலுவைக்காக இயந்திரங்களைப் பிடித்து வைக்கும் உரிமையையும் ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துக் காட்டும். அதுவரை மீட்கக்கூடிய நிலையில் இருந்த டிஸ்க்குகளும் பூட்டிய கூண்டுக்குள் போய்விடும். இழப்பீடு கேட்கச் சென்றவர் தம் சொந்தச் சர்வரை வெளியே எடுக்க இடைக்கால உத்தரவு கேட்டு நிற்பார். ஆகவே ஆட்சேபணையைப் பதிவு செய்துகொண்டு வாடகையைச் செலுத்துங்கள். இந்த வாரமே டிஸ்க்குகளை வெளியே எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வாங்கி, டிஸ்க்குகளின் வரிசை எண்களை அதில் எழுதவைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பின் அவற்றை மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சம்பவ நாள்களின் கணினிப் பதிவுகளை (லாக்) அழிக்கக் கூடாதென்று எழுத்தில் கோருங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு 180 நாள் பதிவுகளைத்தான் கட்டாயமாக்குகிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று என்னை இன்னும் கவலைகொள்ள வைக்கிறது. கடைக்காரர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்புக்கு வரம்பு உண்டா? டேட்டா சென்டர் உங்களுக்குத் தர வேண்டியது ஒரு மாத வாடகையோடு நின்று, நீங்கள் கடைக்காரர்களுக்குத் தர வேண்டியது வரம்பில்லாமல் இருந்தால், இடைப்பட்ட தொகை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். உங்கள் வாடிக்கையாளர்களில் கம்பெனிகள் இருந்தால் சிக்கல் கூடும்: மின்னணு வடிவில் உள்ள கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் வைக்கப்பட வேண்டும் என்பது கம்பெனி கணக்கு விதிகளில் 2022 முதல் உள்ள கட்டாயம். மேலும், ஒரு நகலைக் கோவை அலுவலகத்திலேனும் ஏன் வைக்கவில்லை, கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுச் சோதித்தீர்கள் என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பார். ஒப்பந்தச் சட்டத்தின் 73 ஆம் பிரிவு, இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. விலகிப்போன வாடிக்கையாளர்களால் வந்த வருவாய் இழப்பை, மீறலிலிருந்து நேரடியாக விளையாத ‘தொலைவான இழப்பு’ என்று தள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது.

ஆதலால் பணி ஆணை உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் சமரசத்தையே பரிந்துரைக்கிறேன். வணிக நீதிமன்றத்துக்குப் போவதானாலும், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம். அதை வெறும் சடங்காக்காமல் அங்கேயே முடிக்கப் பாருங்கள். மீட்பு ஆய்வகச் செலவு, பேக்கப்புக்காக இதுவரை செலுத்திய கட்டணம், அபராதமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை ஆகிய மூன்றும் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வக அறிக்கை கைக்கு வருமுன் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடாதீர்கள். கடைக்காரர்கள் உங்கள் மீது தொடரும் கோரிக்கைகளுக்கு டேட்டா சென்டர் ஏற்கும் பங்கையும் அந்த ஆவணத்திலேயே எழுதி வாங்குங்கள்.